சரிபாதி ஆட்டத்தில் எங்கள் வீட்டுப் பங்கு

1

என் மகன் குற்றம் செய்துவிட்டான் என்று ஃபோன் வந்தபோது நான் ஒரு கழிப்பறைக் கோப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதுதான் என் வேலை. சூளையிலிருந்து இறங்கும் கோப்பைகளின் உட்புறத்தில் மெருகு ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா, மயிரிழை விரிசல் ஏதாவது ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விருத்தாசலத்தில் இருந்தவரை ஊறுகாய் ஜாடியையும் மின்கம்பத்து இன்சுலேட்டரையும் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இவை. அமெரிக்கா வந்ததும் அவற்றுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. ஊரில் விசாரிப்பவர்களிடம் என் மைத்துனன், “மாமா அங்க பெரிய பீங்கான் இஞ்சினியரு” என்று சொல்லிவைத்திருக்கிறான். எந்தப் பீங்கான் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

பேசியது என் மனைவி வசந்தா. குரல் அடங்கியிருந்தது. ஊரிலும் சரி, இந்த ஓஹையோவிலும் சரி, அவள் குரலை அடக்கிப் பேசினால் விஷயம் பெரிது.

“என்னங்க, ஸ்கூல்லேர்ந்து போன் பண்ணாங்க. நம்ம பழமல ஏதோ அஃபென்ஸாம். ‘பால் இஸ் ஆன் அஃபென்ஸ்’னு அவன் ஸ்கூல் பேர வெச்சி ரெண்டு தடவ சொன்னாரு.”

“என்ன பண்ணானாம்?”

“அது வெளங்கலீங்க. ஆனா அவரு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. அதான் எனக்குப் பயமா இருக்குது.”

அஃபென்ஸ் என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டது விருத்தாசலம் ஜங்ஷனில். டிக்கெட் இல்லாமல் ஏறுவதும் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதும் அஃபென்ஸ் என்று பிளாட்பாரத்தில் போர்டு உண்டு. அந்தச் சொல் வந்தால் அடுத்த வரியில் அபராதமோ ஜெயிலோ வந்தே தீரும். ஆகவே குடியேற்ற ஆபீஸ் நேர்காணலுக்குப் போட்ட கோட்டையே எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் ஃபோன் செய்த கோச் நின்றிருந்தார். தொப்பி, கழுத்தில் விசில், எதையும் மெல்லாமலிருக்கத் தெரியாத வாய். “வாருங்கள் மிஸ்டர் சாமி!” என்றார். சாமி என் பெயர் இல்லை. என் அப்பா கோவிந்தசாமியின் பின்பாதி. இந்த நாட்டு விண்ணப்பங்களில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டால் ஆபீஸ்காரர்கள் கலங்கிப்போகிறார்கள் என்று அப்பாவைக் கொண்டுபோய் அதில் உட்காரவைத்தேன். அன்றிலிருந்து எல்லோரும் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

“ஐயா, எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் அஃபென்ஸ் செய்ததில்லை” என்றேன்.

“அதனால் என்ன? நாங்கள் கற்றுக்கொடுப்போம்.”

“சின்னப் பையன். யாரோ இழுத்துவிட்டிருப்பார்கள்.”

“நான்தான் இழுத்துவிட்டேன். நல்ல ஓட்டக்காரன். டிஃபென்ஸில் வீணாகிக்கொண்டிருந்தான்.”

“இனிமேல் இப்படி நடக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“நடக்காமலா? வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும், மிஸ்டர் சாமி. மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.”

கோச் மைதானத்தைக் காட்டி விளக்கினார். அப்புறம்தான் தெரிந்தது, இந்த ஊர் ஃபுட்பாலில் பந்தை வைத்துக்கொண்டு முன்னேறுகிற கூட்டத்துக்கு அஃபென்ஸ் என்று பெயராம். நாம் தாக்குதல் ஆட்டம் என்று சொல்வது. வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் விளக்கினேன்.

“அப்ப குத்தம் இல்லியா?”

“இல்ல. வெளையாட்டு.”

“வெளையாட்டுக்குப் போயி யாராச்சும் குத்தம்னு பேரு வெப்பாங்களா?”



2

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இவர்கள் ஃபுட்பால் என்று சொல்வதில் பந்து காலில் படுவது அபூர்வம். பந்தும் உருண்டை இல்லை. முற்றின வெள்ளரிப்பழம் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். அதை முன்னால் கொண்டுபோக இரண்டு வழி. ஒன்று, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. மற்றொன்று, தூரத்தில் ஓடுகிறவனுக்கு வீசி அவன் பிடிப்பது. இரண்டுக்கும் நடுவில் எதிராளிகள் வந்து மேலே விழுவார்கள். எல்லோரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். சர்க்கார் ஆபீஸில் மனுவை நகர்த்துவதும் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது.

எங்கள் ஊர் டீம் காலங்காலமாக ஓட்டத்தை மட்டும் நம்பிய டீம். ஓடுவார்கள், விழுவார்கள், தோற்பார்கள். இந்த வருஷம் புதுக் கோச் வந்ததும் சீசன் தொடக்கத்திலேயே முதல் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டார்கள். உள்ளூர்ப் பேப்பர் நிலைகொள்ளாமல் போய், ‘சீசன் தொடக்கத்தின் ஆச்சரியப் போக்குகள்’ என்று அரைப்பக்கம் எழுதியது. சரிபாதி ஓட்டம், சரிபாதி வீச்சு. இவ்வளவு சமநிலையான தாக்குதலை இந்தப் பள்ளத்தாக்கு கண்டதில்லை என்று ஒரே புகழ்ச்சி. ஃபேக்டரி கேன்டீனில் அந்தப் பக்கத்தை ஒட்டிவைத்து, சூளைக்காரர்கள் சாண்ட்விச் சாப்பிட்டபடி சமநிலையைப் பற்றி வியந்துகொண்டிருந்தார்கள்.

பழமலைக்கு அப்போது பதினாறு வயது. பள்ளியில் சேர்த்த முதல் வாரமே டீச்சர் அந்தப் பெயரைப் ‘பால்’ என்று நறுக்கிவிட்டார். பழமலைநாதர் கோயிலில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர், மலையையாவது விட்டுவையுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. வந்த புதிதில் வீட்டுக்குள் நுழைந்ததும் அன்றைக்கு நடந்ததையெல்லாம் வாய் ஓயாமல் தமிழில் கொட்டுவான். அப்புறம் ஆங்கிலத்தில் கொட்டினான். அப்புறம் “ஃபைன்” என்று ஒரு சொல்லில் நிறுத்திக்கொண்டான். அவன் மறுபடி வாயைத் திறந்தது இந்த டீமில் சேர்ந்த பிறகுதான். அதனால்தான் வசந்தாவும் நானும் கோட்டும் குல்லாவுமாக, வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அந்தச் சில்லென்ற பலகைகளில் போய் உட்கார்ந்தோம்.

அவன் நன்றாகத்தான் ஓடினான். ஒவ்வொரு முறையும் இடது ஓரமாக உயிரை விட்டு ஓடுவான். எதிராளி ஒருவன் அவனைத் துரத்திக்கொண்டு போவான். பந்து வேறு எங்கோ போகும். அவன் பந்து இல்லாமல் திரும்பி நடந்து வருவான். மூன்று ஆட்டம் முடிந்தும் அவன் கையில் பந்து ஒருமுறைகூடப் படவில்லை.

“ஏங்க, இவனுக்கு மட்டும் ஏன் குடுக்க மாட்டேங்கறாங்க?” என்றாள் வசந்தா.

அன்றிரவு சாப்பிடும்போது அதையே அவனிடம் கேட்டேன். ஃபைன் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“என் வேலை எதிராளியை இழுத்துக்கிட்டுப் போறதுப்பா. கோச் சொல்லியிருக்கார்” என்றான் ஆங்கிலத்தில். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, “ஒரு தடவை கொடுத்தாப் போதும். ஒரே தடவை. நான் பிடிப்பேன்” என்றான்.

3

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. ஓட்டம், வீச்சு, ஓட்டம், வீச்சு. மாறவே இல்லை. ஓட்டம் என்றால் பந்து வலது பக்கம் ஒரு பையனிடம் போகும். அவன் எங்கள் ஃபேக்டரி மேனேஜரின் மகன். வீச்சு என்றால் நடுவில் ஓடும் ஒரு பையனுக்குப் போகும். அவன் அப்பா கார் கடை வைத்திருப்பவர், டீமுக்கு அந்த வருஷத்து உடுப்பெல்லாம் அவர் உபயம். இரண்டு அப்பாக்களும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, தங்கள் பையனுக்குப் பந்து வருகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோச் சமநிலையில் நிறுத்தியிருந்தது தாக்குதலை அல்ல, அப்பாக்களை.

இதை நான் கண்டுபிடித்தேன் என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது. விருத்தாசலத்தில் அனுபவித்திருக்கிறேன்.

அறுபதுகளில் எங்கள் பீங்கான் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து ஒரு கால்பந்து டீம் வைத்திருந்தோம். மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மணல்தான் மைதானம். நான் ஃபுல்பேக், அதாவது பின்னால் நின்று எல்லாருடைய தப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறவன். கேப்டன் அந்தோணி அண்ணன், அச்சு வார்க்கும் பிரிவில் மேஸ்திரி. எங்கள் இடது ஓரத்து ஆட்டக்காரனுக்கு அவன் வேலை பார்த்த சூளைப் பிரிவே திரண்டு வந்து கரையில் நிற்கும். வலது ஓரத்து ஆட்டக்காரன் ரயில்வே காலனியில் குடியிருந்தவன். அவனுக்குக் காலனியே வந்து எதிர்க்கரையில் நிற்கும். பந்து தொடர்ந்து இரண்டு முறை ஒரே பக்கம் போனால் போச்சு.

“இன்னாங்க அந்தோணி! எங்க ஆளு ஒங்க கண்ணுக்குத் தெரியலியா?” என்று மறுகரையிலிருந்து கிளம்பிவிடும். மறுநாள் சூளையில் வேலை ஓடாது.

அந்தோணி அண்ணன் சமாதானப் பிரியர். மாதா கோயில் திருவிழாச் சாப்பாட்டில் பந்தி விசாரிப்பது அவர்தான். ஆட்டத்தையும் பந்தியாக்கிவிட்டார். “இந்த எலைக்கு ஒண்ணு, அந்த எலைக்கு ஒண்ணு. ஒருத்தரும் மொகம் சுளிக்கக் கூடாது, தெரிஞ்சிதா?” அன்றிலிருந்து இடது பக்கம் ஒரு பந்து, வலது பக்கம் ஒரு பந்து. அந்த சீசனின் முதல் இரண்டு மேட்சை ஜெயித்தும்விட்டோம். டீக்கடையில் எல்லோரும் எங்கள் ஆட்டத்தின் அழகைப் பேசினார்கள்.

நடுவில் ஆடியவன் சிங்காரம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து சைக்கிள் மிதித்து வருவான். எங்கள் டீமிலேயே நல்ல கால் அவனுடையதுதான். ஆனால் அவனுக்காகக் கத்த எந்தக் கரையிலும் ஆள் இல்லை. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டான்.

“அண்ணே, நடுவுல ஆளே இல்ல. எனக்கு ஒண்ணு தள்ளுங்கண்ணே.”

“நீ நம்ம ஆளுடா சிங்காரம். ஒனக்கு இன்னா அவசரம்?” என்று அந்தோணி அண்ணன் அவன் தோளில் கை போட்டார்.

நம் ஊரில் ஒருவனை ‘நம்ம ஆளு’ என்று சொல்லிவிட்டால் அவனுக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை என்று பொருள். பந்தியில் கடைசியில் உட்கார்வான், கறி தீர்ந்துபோனால் சிரித்துக்கொள்வான். சிங்காரமும் சிரித்துக்கொண்டான்.

மூன்றாவது மேட்சுக்கு நெய்வேலியிலிருந்து ஒரு டீம் வந்தது. கொஞ்ச நேரம்தான் பார்த்தார்கள். பிறகு நாங்கள் இடது பக்கம் ஆடி முடித்ததும் எல்லோரும் சாவகாசமாக வலது பக்கம் போய் நின்றார்கள். கணக்கில்லாமல் கோல் வாங்கினோம். முடிந்ததும் அவர்கள் கேப்டன் வந்து கை குலுக்கிவிட்டு, மரியாதையாகவே சொன்னார். “ஒங்க ஆட்டம் ரொம்ப நல்லாருக்குதுங்க. அடுத்த பந்து எங்க வரும்னு நீங்களே சொல்லிடறீங்க, எங்களுக்குச் செரமமே இல்ல.”

4

ஓஹையோவில் அந்த மூன்றாவது ஆட்டத்தன்று பலகையில் உட்கார்ந்தபடி, பக்கத்திலிருந்த சூளைக்காரரிடம் மெல்ல, “இப்போது வலது பக்கம் ஓட்டம்” என்றேன். ஓடினார்கள். “இப்போது நடுவில் வீச்சு.” வீசினார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது. கொஞ்ச நேரத்தில் முன்வரிசை, பின்வரிசை எல்லாம் திரும்பி என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. இந்தியர்களுக்குக் கணக்கு வரும் என்றார் ஒருவர். கணக்கில்லை, தியானம் என்றார் இன்னொருவர். நான் மறுக்கவில்லை. இந்த நாட்டுச் சட்டப்படி ஒவ்வொரு ஜனவரியிலும் தபாலாபீஸுக்குப் போய், நான் அந்நியன், இன்னும் இந்த விலாசத்தில்தான் இருக்கிறேன் என்று அட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு, இந்த மரியாதையாவது இருக்கட்டுமே.

மறுநாள் கோச்சைப் பார்க்கப் போனேன். மேனேஜர் மகனின் பங்கில் கை வைக்கிற பேச்சு. என் வேலைக்கும் குடியேற்றத்துக்கும் கையெழுத்துப் போட்டவர் அதே மேனேஜர். அதனால் ரொம்பச் சுற்றி வளைத்துப் பேசினேன்.

“ஐயா, உங்கள் பந்து அடுத்து எங்கே போகும் என்று எனக்கே தெரிகிறது. எதிராளிக்கும் தெரிந்துவிடும்.”

“நீங்கள் உதைக்கிற ஃபுட்பாலைச் சொல்கிறீர்கள், மிஸ்டர் சாமி. இது வேறு” என்று சிரித்தார்.

“என் மகன் இடது ஓரத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறான்...”

“பாலா? அருமையான பையன்! டீம் பிளேயர்!”

ஆங்கிலத்தில் நம்ம ஆளு என்பதற்கு என்ன சொல் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நான்காவது ஆட்டத்தில் எதிராளிகள் நெய்வேலிக்காரர்கள் மாதிரியே சாவகாசமாகப் போய் முன்கூட்டி நின்றார்கள். மேனேஜர் மகன் ஓடிப்போய்ச் சுவரில் முட்டுவது போல முட்டினான். கார் கடைக்காரர் மகனுக்கு வீசிய பந்தையெல்லாம் எதிராளி வீட்டுப் பிள்ளைகள் பிடித்தார்கள். படுதோல்வி. அடுத்த வாரமும் அப்படியே. பேப்பர்காரர்கள் ‘கவலையளிக்கும் போக்குகள்’ என்று எழுதினார்கள்.

இந்தத் தடவை கோச் என்னைத் தேடி ஃபேக்டரிக்கே வந்துவிட்டார். கோப்பைகளுக்கு நடுவில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன செய்யலாம், மிஸ்டர் சாமி?”

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். வாய் திறந்து, என் மகனுக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் நாம் கேட்டுப் பழகியவர்களா? கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி பாயசம் வேண்டுமென்றால்கூட, பக்கத்து இலைக்குப் போடுங்கள் என்றுதானே சொல்வோம்? பரிமாறுகிறவர் புரிந்துகொண்டு நமக்குப் போடுவார்.

“மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும். யாரும் எதிர்பார்க்காத ஒரு ஆள். அவனுக்கும் பந்து போக வேண்டும்” என்றேன்.

கோச்சின் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்து ஆட்டினார். “மூன்றாவது ஆள்! பிரமாதம்!”

அன்று சாயங்காலம் வசந்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கேசரி கிண்டினாள். பழமலை எதற்கு என்று கேட்டான். சும்மாதான் என்றோம்.

வெள்ளிக்கிழமை புது ஆட்டம் வந்தது. வலது பக்கம் ஓட்டம், மேனேஜர் மகன். நடுவில் வீச்சு, கார் கடைக்காரர் மகன். மூன்றாவது ஆளாக ஒரு பையன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான். அவன் நீதிபதியின் மகன். என் மகன் இடது ஓரமாக ஓடினான், திரும்பி வந்தான்.

பேப்பர் ‘மும்முனைச் சமநிலை’ என்று தலைப்புப் போட்டது. டீம் மறுபடி ஜெயிக்க ஆரம்பித்தது. கேன்டீனில் என் தோளைத் தட்டாத ஆள் இல்லை.

பழமலைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கார் வீட்டுக்கு வந்து நின்றது. இறங்கும்போது, “நீங்க ஏன்ப்பா அவர்கிட்டப் பேசினீங்க?” என்றான். கதவைச் சாத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். மறுபடியும் எல்லாவற்றுக்கும் ஃபைன் வந்துவிட்டது.

வசந்தா அடுப்படியிலிருந்தே கேட்டாள். “பந்தியில எடம் கேக்கப் போனீங்க. போயி வேற ஒருத்தனுக்கு எல போட்டுட்டு வந்துட்டீங்க. ‘எம் புள்ளைக்கு’ன்னு ஒரு வார்த்த வாயில வராதா ஒங்களுக்கு?”

வரவில்லை. அதுதான் உண்மை.

5

கடைசி ஆட்டத்தன்று காலையிலிருந்து மழை. மைதானம் சேறு. என் தொழில் புத்தி, இந்தக் களிமண் நம்ம ஊர் மண்ணைவிட ஒரு மாற்றுக் குறைவு என்று சொல்லிக்கொண்டது. இனி அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் நீதிபதிக்கு இன்னொரு மகன் வருகிறான் என்று கேள்வி.

ஆட்டம் இழுபறியாகவே போயிற்று. சேற்றில் எல்லாப் பையன்களும் ஒரே நிறமாகிவிட்டார்கள். முதுகிலிருந்த எண்கள் மறைந்துவிட்டன. சூளைக்காரர்கள் வழக்கம்போல என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முடிய இன்னும் சில நிமிடங்கள்தான். நம் டீம் பின்தங்கியிருக்கிறது.

“இப்போது எங்கே, மிஸ்டர் சாமி?”

கணக்குப் போட்டேன். நடு முடிந்தது. நீதிபதி மகன் முடிந்தது. முறைப்படி இனி வலது பக்கம். “வலது பக்கம் ஓட்டம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மேனேஜர் மகன்மேல் கண்ணை வைத்தேன். என்னை நம்பி அந்த வரிசை முழுக்க அங்கேயே கண்ணை வைத்தது. எதிராளிகளும் அங்கேதான் திரண்டு போனார்கள். மேனேஜர் மகன் குனிந்தான், ஓடினான், ஒரு பெரிய குவியலுக்கு அடியில் போனான்.

திடீரென்று மைதானம் முழுக்க எழுந்து கத்தியது. குவியலில் பந்தைக் காணோம்; கொடுப்பதுபோலப் போக்குக் காட்டிவிட்டு வேறெங்கோ வீசிவிட்டார்கள். வசந்தா என் கோட்டைப் பிடித்து உலுக்கினாள். “நம்ம புள்ளைங்க! நம்ம புள்ள!” அடிபட்டுவிட்டானோ என்று பதறிப்போய்த் திரும்பினேன். இடது ஓரத்தில், வெகு தூரத்தில், சேற்று உருவங்கள் சில ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடியில் யார் என்று தெரியவில்லை. பந்தைப் பிடித்தவன் என்று ஒலிபெருக்கியில் கார் கடைக்காரர் மகனின் பெயரைச் சொன்னார்கள். கார் கடைக்காரர் எழுந்து நின்று எல்லாப் பக்கமும் கும்பிடாத குறையாகத் தலையாட்டினார்.

அடுத்த முறை பந்து எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து மேனேஜர் மகனிடம் போனது. அவன் கோட்டைத் தாண்டி விழுந்தான், புள்ளி கிடைத்தது. ஜெயித்தார்கள். மேனேஜர் கீழே இறங்கி வந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஃபேக்டரிக்கு வெளியே என்னோடு கை குலுக்கினார். “உங்கள் பையனும் இதில் ஆடுகிறானாமே, எந்தப் பையன்?” என்று கேட்டார். நான் பொதுவாக மைதானத்தைக் காட்டினேன்.

6

மறுநாள் காலை. மேஜைமேல் பேப்பர். முதல் பக்கத்தில் மேனேஜர் மகன் படம். உள்ளே, ஆட்டத்தைத் திருப்பிய அந்தக் கடைசிப் பிடி கார் கடைக்காரர் மகனுடையது என்று எழுதியிருந்தது. சமநிலையைப் பற்றி ஒரு முழுப் பத்தி.

பழமலை இறங்கி வந்தான். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உதடு வீங்கியிருந்தது. நின்றபடியே பேப்பரைப் படித்தான். கோச்சைக் கேட்டாயா என்றேன். கேட்டானாம். அடுத்த முறை திருத்திவிடலாம், நீ டீம் பிளேயர் என்றாராம்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். தமிழில் கேட்டான்.

“நீங்க பாத்தீங்கல்லப்பா?”

“பாக்காம என்னடா? ரொம்ப நல்லாப் புடிச்ச” என்றேன்.

“எந்தப் பக்கம் வந்துச்சு பந்து?”

“நேராத்தான வந்துச்சு. ரெண்டு கையாலயும் புடிச்ச.”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, காலியான தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான், கால்பந்தில் கரைகண்டவன், சமநிலையின் சூட்சுமத்தை இந்த ஊருக்கே எடுத்துச் சொன்னவன், பெற்ற பிள்ளை ஒரே ஒரு தடவை பந்தைப் பிடித்தபோது மேனேஜர் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவர எதுக்குடா கேக்கற?” என்றாள் வசந்தா. தோசைக்கல்லை விட்டுத் திரும்பவில்லை. “அவருதான் ஆட்டத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரே. நேராவும் வரல, ரெண்டு கையும் இல்ல. நீ மொதல்ல வழுக்கிட்ட. எடது முட்டி மண்ணுல பட்டுச்சி. ஒன்னத் தொரத்தி வந்தான் பாரு ஒரு தடியன், அவன் ஒன்ன வுட்டுட்டு அந்தாண்ட ஓடிட்டான். நீ எழுந்து ஓடன. பந்து பின்னாலேர்ந்து வருது, ஒன் தலைக்கு மேல. நீ திரும்பக்கூட இல்ல, வலது கைய மட்டும் நீட்டன. அது கையில பட்டு எகிறிச்சி. எனக்கு உசுரே போச்சி. அப்பறம் அத அப்பிடியே வயித்தோட அணைச்சிக்கிட்ட. ரெண்டு பேரு ஒன் கழுத்துல தொங்கறானுங்க. இரும்புத் தொப்பி கோணிக்கிச்சி, ஒத்தக் கண்ணு வழியாப் பாத்துக்கிட்டு அப்பவும் ஓடறடா நீ.”

பழமலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஒனக்கு எப்பிடிம்மா அவ்ளோ தெரியும்? ஒனக்குத்தான் கேம் தெரியாதே?”

“பந்து எங்க போவுது எங்க வருதுன்னு எனக்கு என்னிக்குமே தெரியாது. நான் ஒன்ன மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருப்பன். நேத்து பந்துதான் நடுவுல வந்துச்சி.”

அவன் வீங்கிய உதட்டோடு சிரித்தான். பேப்பரைத் தள்ளிவைத்தான்.

“இன்னொரு தடவ சொல்லும்மா. மொதல்லேர்ந்து.”

அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, வழுக்கி விழுந்ததிலிருந்து ஆரம்பித்தாள். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கும் அதைப் பார்க்க வேண்டியிருந்தது.